விற்ற சித்திரமும் விற்காத மலையும்

தன் குலத்து ஆதிபுருஷர்கள் நடந்து திரிந்த இடமென்றும், நடந்து களைத்து அவர்களே மலையாகவும் மடுவாகவும் அமர்ந்துவிட்ட இடமென்றும் ஒருவன் நம்புகிற நிலத்தை, அந்த நம்பிக்கையில் அணுவளவும் பங்கில்லாத அந்நியர்கள் வாங்கிப்போய்த் தங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டிக்கொள்ளும்படி, அவனே காகிதத்தில் எழுதி விலைக்குக் கொடுத்தால், அவன் விற்றது எதை? நிலத்தின் சாயலை மட்டும் விற்றானா, அல்லது அதற்குள் உறைவதாகத் தான் கருதிய தெய்விகத்திலும் ஓர் அம்சத்தைச் சேர்த்து விற்றுவிட்டானா? வாங்கியவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றதுதான் எது? தத்துவ நூல்களில் இந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டு சாவகாசமாக விசாரம் செய்யலாம்; ஆனால் ஒரே மனிதனுடைய ஆயுட்காலத்துக்குள் சித்திரசாலை, சர்க்கார் அலுவலகம், நீதிஸ்தலம், சிறைக்கூடம் ஆகிய அத்தனை படிகளையும் இந்தக் கேள்வி ஏறி இறங்கிய விருத்தாந்தத்தை அறிய விரும்புகிறவர்கள், மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட பிரதேசத்தில் பிறந்து, அங்கேயே வரைந்து, அங்கேயே மாண்ட ஆல்பர்ட் நமட்ஜிரா என்ற சித்திரக்காரரின் சரித்திரத்துக்குத்தான் போகவேண்டும்.

அவர் 1902ஆம் வருஷம் ஜூலை 28ஆம் தேதி ஹெர்மன்ஸ்பர்க் என்னும் லூதரன் மிஷன் குடியிருப்பில் பிறந்தார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரத்தில், ஃபின்க் நதிக்கரையில், 1877இல் ஜெர்மானியப் பாதிரிமார் ஏற்படுத்திய இடம் அது. நதி என்றவுடன் காவிரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. வருஷத்தில் பெரும்பகுதி அது வெறும் மணற்பாதை, அங்கங்கே தேங்கிய மடுக்கள், கரையோரத்து மரங்கள், அவ்வளவுதான். குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் எலேயா. மூன்றாம் வயதில் அவர்கள் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றபோது ஆல்பர்ட் என்ற பெயர் வந்தது. பதின்மூன்றாம் வயதில், இப்போது அரெர்ண்டே என்று வழங்கும் தம் குலத்தாரின் சம்பிரதாயப்படி, மிஷனை விட்டு விலகி ஆறு மாதம் காட்டில் தங்கிப் பெரியவர்களிடம் தீக்ஷை பெற்றார். ஆக, இரண்டு சமயங்களின் சடங்குகள் அந்தப் பாலகன்மீது முத்திரை பதித்திருந்தன. எது எதை அழித்தது, அல்லது ஒன்றை ஒன்று அழிக்காமல் இரண்டும் ஒரே உள்ளத்தில் எவ்விதம் குடியிருந்தன என்பதை வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்லிவிட முடியாது. மிஷன் பாதிரிமார் அளந்துவிட்டதாக நினைத்தார்கள். பின்வந்த மானிடவியலாரும் நினைத்தார்கள். நான் அந்தத் துணிவுக்குப் போகவில்லை.

அரெர்ண்டே மக்களுடைய நம்பிக்கையின் சாரத்தை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் மேலே போவதற்கில்லை. ஆதிகாலத்தில் பூமியின்மீது சஞ்சரித்த மூதாதையர் தாம் போன வழியெல்லாம் குன்றுகளையும் கணவாய்களையும் நீர்நிலைகளையும் உண்டாக்கினார்கள். அவர்களுடைய சக்தி அந்தந்த ஸ்தலத்திலேயே இன்றும் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதையும் பாட்டும் உண்டு. அந்தக் கதையைப் பாடவும் சடங்கை நடத்தவும் தந்தை வழியில் சிலருக்கு உரிமை; அது முறைப்படி நடக்கிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு தாய் வழியில் சிலருக்கு. தீக்ஷை பெறாதவர் கேட்கக்கூடாத பகுதிகளும், ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று வரையறுத்த பகுதிகளும் அதில் உண்டு. கிரயம் செய்து வாங்குகிற பூஸ்திதி என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. நிலம் மனிதனுக்குச் சொந்தம் என்பதைவிட மனிதன் நிலத்துக்குச் சொந்தம் என்று சொல்வதே அவர்களுடைய கருத்துக்கு நெருங்கியது.

1920களின் பிற்பகுதியில் அந்தப் பிரதேசத்தைக் கொடிய பஞ்சம் பீடித்தது. காய்கறி இன்மையால் ஸ்கர்வி நோய் கண்டு மிஷனிலிருந்த குழந்தைகள் பலர் மாண்டனர். சில மைல் தள்ளி குப்ரில்யா என்ற ஊற்று இருந்தது. அங்கிருந்து குழாய் போட்டு நீரைக் கொண்டுவரப் பணம் இல்லை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கிடைத்தது எங்கிருந்தென்றால், மெல்போர்ன் நகரில் வைலட் டீக், யூனா டீக் என்ற சகோதரிகள் 1934இல் நடத்திய ஒரு சித்திரக் கண்காட்சியிலிருந்து! சித்திரக்காரர்கள் நன்கொடையாகத் தந்த படங்களை விற்றுத் திரட்டிய தொகை, அடுத்த வருஷமே பாலையில் தண்ணீராக ஓடிற்று. படம் என்பது சுவரிலே தொங்கி அலங்காரம் செய்வதோடு நின்றுவிடாமல், விலையாகி, குழாயாகி, நீராகி வரக்கூடிய ஒரு வஸ்து என்பதை அந்த மக்கள் கண்ணாரக் கண்ட சந்தர்ப்பம் இது. நமட்ஜிராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஓரத்தில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மூலாதாரமான சம்பவமாகத் தோன்றுகிறது.

அதே 1934இல், விக்டோரியா மாகாணத்திலிருந்து வந்து அந்த மலைகளை வரைந்துகொண்டிருந்த ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்ற இருவரும் தங்கள் படங்களை மிஷனிலேயே காட்சிக்கு வைத்தார்கள். பாட்டர்பீ முதல் உலக யுத்தத்தில் படுகாயமுற்று மீண்டவர். அவர்கள் எழுதியிருந்தது வந்தவர்களுக்குத் தெரிந்த கணவாய்கள், தெரிந்த சிகரங்கள். நூற்றுக்கணக்கான அரெர்ண்டே ஜனங்கள் வந்து பார்த்தார்கள். அன்று பார்த்தவர்களில், ஒட்டகம் ஓட்டியும் தச்சுவேலை, கொல்லுவேலை செய்தும், முல்கா மரப்பலகையில் காய்ச்சிய கம்பியால் சூடிட்டு உருவங்கள் பொறித்தும் பிழைத்துவந்த நமட்ஜிராவும் ஒருவர். 1936இல் பாட்டர்பீ மறுபடி வந்தபோது இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர்: ஒட்டகங்களை மேய்த்து வழிகாட்டுவது இவர் பொறுப்பு, அதற்கு ஈடாகச் சித்திரம் கற்றுக்கொடுப்பது அவர் பொறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு மாத காலம் நீடித்த இரண்டு பிரயாணங்கள். வண்ணத்தை எப்படிக் கலப்பது என்பதில் பாட்டர்பீ குரு. எந்த மலை எங்கே நிற்கிறது, அது யாருடையது என்பதில் சிஷ்யனே குரு. இத்தகைய குருகுலவாசம் உலகத்தில் அபூர்வம்.

திறந்த வெளியில் அமர்ந்து நீர்வண்ணத்தில் எழுதுவது எங்குமே எளிதன்று. அந்தப் பாலையில் அது ஒரு தபசு. காற்றில் ஈரம் இல்லாததால், அகலமாக வானத்துக்கு ஒரு பூச்சு இழுப்பதற்குள் அதன் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். திருத்தலாம் என்ற ஆசைக்கே இடமில்லை. நடுப்பகலில் மலைகள் நிறமிழந்து தட்டையாகிவிடுகின்றன. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும் சொற்பப் பொழுதில்தான் செங்கல் நிறமாக இருந்த பாறை செம்பாகி, செம்பு ஊதாவாகி, ஊதா கருநீலமாக மாறுகிறது. அந்த மாற்றத்தின் நடுவே ஒரு கணத்தைத் தேர்ந்து, கணம் போன பிறகும் அதையே மனத்தில் நிறுத்திக்கொண்டு, கை வேலைசெய்ய வேண்டும். நமட்ஜிராவின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பக்கமாக, மிக அருகே, ஒற்றை மரம். அதன் உச்சி படத்தின் மேல்விளிம்பைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. இடையில் மஞ்சள் பாரித்த ஸ்பினிஃபெக்ஸ் புல்லும் புள்ளி புள்ளியாகப் புதர்களும். அப்பால் மடிப்பு மடிப்பாக ஒரு குன்று; அதற்கும் அப்பால், எட்டாத தொலைவில், நீலம் பூத்த மெக்டானல் மலைத்தொடர்.

அந்த மரம் நம் நீலகிரியில் தைலமரம் என்று வழங்கும் யூகலிப்டஸுக்குப் பங்காளி; பட்டை பால்வெள்ளையாக இருப்பதால் வெள்ளையர்கள் அதைப் பேய்மரம் என்ற பொருளில் அழைக்கிறார்கள். நீர்வண்ணத்தில் வெண்மையைக் கொண்டுவரும் வழி விசித்திரமானது. ஏனைய நிறங்களுக்குச் சாயம் இருக்கிறது; மிகப் பிரகாசமான வெண்மைக்குக் காகிதத்தைத் தீண்டாமல் விட்டுவிட வேண்டும். மரத்தின் நிழற்பக்கத்தில் மங்கிய நீலமும் இளஞ்சிவப்பும் தீட்டி, வெயில் படும் பக்கத்தை வெறுமே விடுகிறார் சித்திரக்காரர். பார்க்கிறவன் கண்ணைக் கூசச்செய்யும் அந்த ஒளி, சித்திரக்காரன் கை வைக்காத இடம். அவர் எழுதியவற்றுள் மிகுந்த ஜீவனுள்ள பகுதி அவர் எழுதாத பகுதியே என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் வெறும் உத்தி என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். உத்திதான், ஆனாலும் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இது சம்பந்தப்பட்டது என்பதால் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1938 டிசம்பரில் மெல்போர்ன் நகரில் நமட்ஜிராவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. கவர்னரின் மனைவி ஹண்டிங்ஃபீல்டு சீமாட்டி திறந்துவைத்தார். 41 படங்கள், மூன்று நாட்களில் அத்தனையும் விற்றுப்போயின. மறு வருஷம் தெற்கு ஆஸ்திரேலியச் சித்திரசாலை அவருடைய படம் ஒன்றை விலைகொடுத்து வாங்கிற்று. அடிலெய்டு, சிட்னி என்று கண்காட்சிகள் தொடர்ந்தன. 1944இல், அந்த நாட்டின் பிரமுகர்களைப் பட்டியலிடும் நூலில் இடம்பெற்ற முதல் ஆதிவாசி அவரே. 1954இல் எலிசபெத் மகாராணி விஜயம் செய்தபோது கான்பெராவில் பேட்டி கிடைத்தது. 1956இல் வில்லியம் டார்கி என்பவர் தீட்டிய நமட்ஜிராவின் உருவப்படம் ஆர்ச்சிபால்டு பரிசு பெற்றது. அவருடைய படங்களின் அச்சுப்பிரதிகள் வீட்டுக்கு வீடு தொங்கின. இந்த ஜயபேரிகையின் விவரங்களை இதற்குமேல் அடுக்குவதால் பயனில்லை. விற்பனை எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

விமர்சகர்கள் சொன்னதுதான் கவனிக்கத்தக்கது. ஒரு சாரார், இவர் வெள்ளைக்காரர்களின் இயற்கைக்காட்சிச் சித்திரத்தைப் பிரதி செய்பவர், தம் இனத்தின் ஆதிகாலக் கலையைக் கைவிட்டவர் என்று ஒதுக்கினார்கள். மற்றொரு சாரார், ஆதிவாசி ஒருவன் இவ்வளவு தூரம் நம்மைப்போல் எழுதக் கற்றுக்கொண்டானே என்று வியந்து கொண்டாடினார்கள். ஏச்சும் புகழும் ஒரே அபிப்பிராயத்தின் இரு முகங்கள். இரண்டு கட்சியாருமே அந்தச் சித்திரத்தில் தங்கள் பிரதிபிம்பத்தைத்தான் தேடினார்கள். படத்திலிருப்பது வெறும் காட்சி என்பதில் அவர்களுக்குள் பேதமே இல்லை. ஆனால் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் ஒன்றைச் சுட்டிக்காட்டினர். அவர் அடிக்கடி வரைந்த மலைகளும் கணவாய்களும் கண்ணுக்கு அழகாகப்பட்டதால் மட்டும் பொறுக்கியவையாகத் தோன்றவில்லை. தந்தை வழியிலும் தாய் வழியிலும் அவருக்குப் பாத்தியதையும் கடமையும் இருந்த பிரதேசங்களோடு அவை பெரிதும் பொருந்துகின்றன. அப்படியானால் ஒரே படத்தின் எதிரே இரண்டு விதமான பார்வையாளர் நிற்கிறார்கள். சிட்னி நகரத்து வியாபாரி ஒருவர் வந்து, ஆஹா, என்ன நிறம் என்கிறார். கதை அறிந்த அரெர்ண்டேக் கிழவர் ஒருவர் வந்தால், இன்னாருடைய இடம் இது என்கிறார். படம் இருவருக்கும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே அளவு சொல்லவுமில்லை.

இங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. புனிதமானது வெளிப்பட்டுத் தோன்றினால்தான் கலையில் இருப்பதாக அர்த்தமா? மறைந்திருந்தால் இல்லையென்றாகிவிடுமா? மேனாட்டு அழகியலார் பலர் வெளிப்பாடு என்பதையே கலையின் உயிராக வைத்துவிட்டார்கள். உள்ளத்தில் உள்ளதெல்லாம் படத்தில் வந்துவிட வேண்டும், வராதது குறை. நமக்கு இந்தக் கொள்கையை அப்படியே ஏற்றுக்கொள்வதில் சிரமம் இருக்கவேண்டும். சிதம்பரத்திலே ஆயிரக்கணக்கான பேர் கட்டணமும் காணிக்கையும் கொடுத்து வரிசையில் நின்று தரிசிக்கும் ரகசியம் ஒரு திரை. திரை விலகினால் பொன்னாலான வில்வமாலையும் வெட்டவெளியும். காட்டியதன் மூலமே மறைப்பதும், மறைத்ததன் மூலமே காட்டுவதும் நம் ஆலயங்களுக்குப் பழக்கமான முறை. மறைத்தல் என்பதை இறைவனுடைய ஐந்தொழில்களில் ஒன்றாகவே எண்ணிவைத்த சைவசித்தாந்தம், அதை அருளுக்கு விரோதமாகக் கருதவில்லை, அருளின் ஓர் உபாயமாகவே கருதிற்று. அந்தச் சாஸ்திரம் அரெர்ண்டே மக்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணுக்கு முழுமையாகக் கிடைக்கிற ஒரு மலையும் தன்னை முழுமையாகக் கொடுத்துவிட்டதாகாது என்ற எண்ணத்தை விளங்கிக்கொள்ள, நாம் நமக்குத் தெரிந்த வாசல் வழியாகத்தானே நுழையமுடியும்.

ஆகவே, நமட்ஜிரா மலையின் மேனியை எழுதினார், அதன் கதையை எழுதவில்லை. கதையை எழுதாதது அறியாமையாலோ மறதியாலோ அன்று, அது விற்பனைக்கு உரியதன்று என்பதால்தான் என்று நான் கருதுகிறேன். இது அனுமானமே. ஆனால் அனுமானத்துக்குச் சாக்ஷி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறேன். அதற்கு முன் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அவர் பணத்துக்காகத்தானே வரைந்தார், அதை ஆராதனை என்று உயர்த்துவது கவிதை பாடுகிறவர்களின் மயக்கமல்லவா என்று யாரும் கேட்கலாம். பணத்துக்காகத்தான் வரைந்தார், அதை அவர் மறைத்ததாகவும் தெரியவில்லை. பெரிய குடும்பம், அதைவிடப் பெரிய உறவு. ஆனால் கூலி வாங்கினால் பக்தி போய்விடும் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பூமியில் கோயில் கட்டிய ஒரு கைக்கும் பக்தி இருந்ததாகச் சொல்லமுடியாது. பணம் வந்த பிறகு அதை அவர் என்ன செய்தார் என்பதிலேதான் விஷயம் இருக்கிறது.

அவர் சமூகத்தின் தர்மப்படி, ஒருவனுக்குக் கிடைத்தது உறவினர் எல்லாருக்கும் கிடைத்தது. வேட்டையில் விழுந்த கங்காருவுக்குப் பொருந்திய அதே முறை காசோலைக்கும் பொருந்தும். நூற்றுக்கணக்கான பேர் அவரை அண்டி வாழ்ந்தனர். நகரத்துப் பத்திரிகைகள் இதைச் சுரண்டல் என்றும், அவரை ஏமாளி என்றும் எழுதின. அவரே தமக்கென்று எதையாவது வாங்க முயன்றபோது என்ன நடந்தது? 1949இல் மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்க விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட மனை வாங்கப் பார்த்தார். ஆதிவாசிகள் நகர எல்லைக்குள் குடியிருக்கலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. வருமான வரி மட்டும் தவறாமல் கேட்கப்பட்டது. அந்த மலைகளின் சாயலைத் தேசம் முழுவதற்கும் வழங்கிய மனிதர், ஊருக்கு வெளியே மோரிஸ் சோக் என்ற இடத்தில் தகரமும் கித்தானும் போட்ட குடிசையில் இருந்தார்.

1957இல் சட்டத்தின் பார்வையில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. வட பிரதேசத்து ஆதிவாசிகளை எல்லாம் சர்க்காரின் பராமரிப்புக்கு உட்பட்ட மைனர்களைப்போல் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும் நியதி அப்போது அமலுக்கு வந்தது. நமட்ஜிராவின் பெயரும் அவர் மனைவி ருபினாவின் பெயரும் அதில் சேர்க்கப்படாமல் விடப்பட்டன. இனி அவர் வாக்களிக்கலாம், வீடு கட்டலாம், மது வாங்கலாம். அவருடைய சகோதரன் மகனோ, சக சித்திரக்காரனோ அதைச் செய்யக்கூடாது. விநோதமான சுதந்திரம்! பங்கிட்டு உண்பதே தர்மம் என்று ஆயுள் முழுவதும் வாழ்ந்த ஒருவரிடம், இந்தப் பாட்டில் உனக்கு மட்டும், உன் உறவுக்கு இல்லை என்று சட்டம் சொல்லிற்று. குடி நல்லதென்று வாதிக்க நான் வரவில்லை. மோரிஸ் சோக் குடியிருப்பில் குடியினால் ஒரு பெண்ணின் உயிரே போயிற்று என்பதும் உண்மை. ஆனால் 1958இல் அவர்மீது வந்த குற்றச்சாட்டு, ஹீனோக் ரபெராபா என்ற சக சித்திரக்காரருக்கு மது கிடைக்கும்படி செய்தார் என்பது. ஆறு மாதச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் மூன்றாகக் குறைந்தது. உச்ச ஸ்தானத்து நீதிமன்றம் மேற்கொண்டு தலையிட மறுத்தது. தேசமெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக, சிறைச்சாலைக்குப் பதில் பாபுன்யா என்ற ஆதிவாசிக் குடியிருப்பில் 1959இன் முற்பகுதியில் இரண்டு மாதம் காவலில் இருந்தார். வெளியே வந்தவர் வரைவதில் நாட்டமற்றிருந்தார் என்கிறார்கள். ஆயினும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாட்டர்பீயை வியப்பிலாழ்த்தும்படி மூன்று இயற்கைக்காட்சிகளை அவருக்குக் கொடுத்து, இன்னும் தருவதாகவும் சொன்னார். 1959 ஆகஸ்டு 8ஆம் தேதி காலமானார், வயது ஐம்பத்தேழு.

இந்த வழக்கை இனபேதத்தின் கொடுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது சுலபம். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு தத்துவ விவாதம் கிடக்கிறது. தான் என்று ஒருவன் சொல்லும்போது அந்தத் தான் எங்கே முடிகிறது? சட்டம் அவரைத் தனி ஆளாக, தன் உடைமைக்குத் தானே எஜமானனாக ஆக்கி, அதைக் கௌரவம் என்று அளித்தது. எனது என்னும் மமகாரத்தை ஒழிக்கச் சொல்லி நம் நாட்டு ஞானிகள் துறவிகளுக்கு உபதேசித்தார்கள். அங்கேயோ அதை ஒரு குடும்பஸ்தனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு சேர்த்து ஊட்டினார்கள், அவர் உட்கொள்ளாதபோது தண்டித்தார்கள். காகிதத்தை விற்கத் தெரிந்த அந்த மனிதருக்குப் பெற்றதைப் பூட்டிவைக்கத் தெரியவில்லை. அந்தப் பூட்டாத கையும், மலையின் கதையைப் பூட்டிவைத்த வாயும் ஒரே தர்மத்திலிருந்து வந்தவை என்பது என் எண்ணம்: பொருள் எல்லாருக்கும் உரியது, ரகசியம் உரியவர்க்கே உரியது. நவநாகரிக உலகம் இதை நேர்தலைகீழாக்கி, பொருளைத் தனியுடைமையாகவும் ரகசியத்தைப் பொதுச்சொத்தாகவும் வைத்திருக்கிறது.

சாக்ஷி சொல்வதாக வாக்களித்தேன். அவர் காவலிருந்த அதே பாபுன்யாவில், அவர் மறைந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1971இல், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தால் வயதான ஆண்கள் பலகைகளிலும் கித்தானிலும் தங்கள் சடங்குச் சின்னங்களை எழுதத் தொடங்கினார்கள். வட்டங்களும் வளைவுகளும் பாதச்சுவடுகளுமான அந்தச் சித்திரங்கள், எந்த விமர்சகரும் பிரதி என்று சொல்லமுடியாதவை. விரைவிலேயே உலகப் புகழ் பெற்றன. ஆனால் முதல் சில வருஷங்களில் எழுதியவற்றுள் தீக்ஷை பெறாதவர் காணத்தகாத வஸ்துக்களும் இடம்பெற்றுவிட்டன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவை காட்சிக்கு வந்தபோது அண்டைக் குலத்துப் பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு அந்தச் சித்திரக்காரர்கள் வெளிப்படையான உருவங்களைக் குறைத்துக்கொண்டு, புள்ளிகளைப் பரப்பி, அடுக்கின்மேல் அடுக்காகத் திரைபோட்டு எழுதலானார்கள். இன்று அருங்காட்சியகங்களில் அந்த முதற்காலப் பலகைகள் சிலவற்றைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். நமட்ஜிராவின் படங்களைப் பற்றி இத்தகைய கிளர்ச்சி எழுந்ததாகத் தெரியவில்லை. அவை எந்தச் சுவரிலும் தொங்கலாம், எந்தக் குழந்தையும் பார்க்கலாம். ஐரோப்பிய முறையைக் கைக்கொண்டதால் அவர் தம் கலையைக் காட்டிக்கொடுத்தார் என்றார்களே, அந்த முறைதான் காட்டிக்கொடுக்கக் கூடாததைக் காட்டாமல் எழுத அவருக்கு உதவிற்று.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம். சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் ஞானஸ்நானம் பெற்றவர், வேதாகமம் கேட்டு வளர்ந்தவர். மலையை எழுதும்போது அதைப் படைத்த கர்த்தரின் மகிமையை நினைத்திருக்கலாம், மூதாதையரை நினைத்திருக்கவே வேண்டியதில்லை. நினைத்திருக்கலாம். சிருஷ்டியைத் துதிப்பதும், சிருஷ்டித்தவரின் சுவடு அங்கேயே இருக்கிறதென்று நம்புவதும் ஒரே தூரிகையில் சேரமுடியாதவை என்று எந்தச் சாஸ்திரி தீர்ப்புச் சொல்லப் போகிறார்? அந்தத் தீர்ப்பு வராதவரை, படம் வாய் திறக்காமல் நிற்கிறது. நெருக்கிக் கேட்கிறவனுக்கு அது மலையைக் காட்டுகிறது, அவ்வளவே.

இனி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குச் சட்டம் தன் போக்கில் சொல்லிய பதிலைக் குறிப்பிட்டுவிடலாம். 1976இல் இயற்றப்பட்ட நில உரிமைச் சட்டத்தின் கீழ், ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் நிலம் 1982இல் பாரம்பரிய உரிமையாளரான அரெர்ண்டே மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அந்தச் சட்டம் வழங்கும் உரிமை விசேஷமானது: நிலம் சமூகத்தின் பேரில் இருக்கும், அதை ஒருவரும் ஒருகாலும் விற்கமுடியாது. கிரயப் பத்திரத்தின்மேல் கட்டப்பட்ட ஒரு நாட்டின் சட்டம், விற்கமுடியாத நிலம் என்ற எண்ணத்துக்குக் கடைசியாக வந்துசேர்ந்தது. அதற்கு மறுவருஷமே, 1983இல், நமட்ஜிராவின் சொத்தைப் பரிபாலித்த சர்க்கார் பொதுத் தர்மகர்த்தா, அவர் எழுதிய சித்திரங்களின் பதிப்புரிமையை ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டார், குடும்பத்தாரைக் கலந்துகொள்ளவில்லை. அதற்குப்பின், தங்கள் தாத்தாவின் மலைகளை ஒரு புத்தகத்தில் அச்சிடவேண்டுமானால் பேரப்பிள்ளைகளே அந்நியரிடம் அனுமதி கேட்கும் நிலை உண்டாயிற்று. 2017இல் பெருமுயற்சியின் பேரில் அந்த உரிமை ஒரு டாலர் விலைக்குக் குடும்பத்தின் அறநிலையத்துக்குத் திரும்பி வந்தது. ஆசிரியர் மறைந்து எழுபது வருஷம் என்ற கணக்குப்படி 2029 முடிய அது செல்லும். பிறகு அந்தப் படங்களை எவரும் அச்சிடலாம், விற்கலாம். நிலத்தைப் பொறுத்தமட்டில் அத்தகைய கெடு எதுவும் எழுதப்படவில்லை.